எடை கூடினால் கடனும் கூடும்

ஹுத்தான் மெலிந்தாங் வழியாகப் போகும் கூட்டரசுச் சாலை 5-இல் காடிக்காரருக்கு மோட்டார் ஒரு தொல்லை. மோட்டார்காரருக்குக் காடி ஓர் எமன். "யார் மேல தப்பு?" என்றே எப்போதும் கேட்கிறோம். பொறியியல் படித்த எனக்கு வேறு கேள்வி வருகிறது: தப்பு நடந்தால் அடி யாருக்கு?

மைவி ஏறக்குறைய 1,000 கிலோ. இஎக்ஸ்5 ஏறக்குறைய 100. காடி சிக்னல் போடாம திரும்பினாலும், மோட்டார் இடப்பக்கமா முந்தினாலும், கீழே விழுபவர் ஒருவர்தான். மலேசியச் சாலை மரணங்களில் பத்தில் ஆறுக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள்.

ஆகவே விதி இருவருக்கும் சமம். கவனமாக இருக்க வேண்டிய கடன் சமமில்லை. யாரால் அதிகம் காயப்படுத்த முடியுமோ, அவருக்கே அது கூடுதல்.

அப்படின்னா மோட்டார்காரர் இஷ்டத்துக்கு ஓட்டலாமா? முடியாது. சந்தைக்கு நடந்து போற பாட்டி முன்னால அவரும் கனமான ஆள்தான்.