பதினாறு கோரும் மூன்று அளவையும்

சிவஞான சித்தியாரைப் பாடம் கேட்க உட்காருகிறவருக்கு முதலில் கிடைப்பது அளவை. இறைவனைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய அந்நூலின் சுபக்கம், பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், தளை) பற்றிப் பேசப் புகுமுன், ஒன்றை உண்மை என்று எதைக்கொண்டு துணிவது என்று விசாரிக்கிறது. அளவைகள் பத்து என்பாரின் கணக்கையும் சொல்லிவிட்டு, காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது) என்ற மூன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது.

கோவையின் பேரூர்ப் பக்கத்துச் சைவர்களுக்குப் பழக்கமான இந்த விசாரணை, அதே ஊரில் பம்ப் வடிவமைக்கும் சிறு பட்டறைகளுக்கும் தேவைப்படுகிறது. "ஏனுங்க, புது கம்ப்யூட்டருக்கு எட்டு கோர் போதுமுங்களா, பதினாறே போட்டுரலாமுங்களா?" என்று கேட்டால், கடைக்காரர் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையின் மதிப்பெண்ணைக் காட்டுவார். ஒரே தலைமுறைச் சிப்களில் பதினாறு கோரின் மதிப்பெண், எட்டு கோரின் மதிப்பெண்ணைப்போல இரண்டு மடங்கை நெருங்கி நிற்கும். மதிப்பெண்ணை விலையால் வகுத்தால் எது லாபம் என்று தெரிந்துவிட்டதாகத் தோன்றும்.

அப்படித் துணிவது கருதல் அளவை. ஏதுவுக்கும் துணிபொருளுக்கும் இடையே பிரியாத தொடர்பு இருந்தால்தான் அது செல்லும். மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்கிறோம். அடுக்களையில் இரண்டையும் சேர்த்தே கண்டிருக்கிறோம், நீர்நிலையில் இரண்டையும் கண்டதில்லை. சினிபெஞ்ச் ஒரு படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டிக் கோர்களுக்குப் பங்கிடுகிறது. ஒரு கட்டம் இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. பம்பின் சுழலியான இம்பெல்லரை வரைகிறவரின் வேலையும் அப்படித்தானா என்று பார்க்காமல் அந்தப் புகையை நம்ப முடியாது.

சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இம்பெல்லரின் வேன் (இதழ்) கோணத்தைக் கொஞ்சம் மாற்றி ரீபில்ட் கொடுத்துப் பார்க்கலாம். வேன் முடியாமல் ஃபில்லட் வராது. ஃபில்லட் முடியாமல் பேட்டர்ன் வராது. ஒன்றை நம்பி ஒன்றாகக் கணக்கு நடக்கிறது. அந்த நேரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், 16 திரெட் கொண்ட ரைசன் 7 7700இல்கூட மொத்தப் பயன்பாடு பெரும்பாலும் 6, 7 சதவீதத்தில்தான் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு! பயனர் விரல் மவுஸில் காத்திருக்கிறது. கோர்களில் பெரும்பாலானவை சும்மா இருக்கின்றன. இங்கே பணம் கொடுக்க வேண்டியது ஒற்றைக் கோரின் வேகத்துக்கு.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் இந்த வரம்பைக் கணக்காகவே சொல்லிவிட்டார். வேலையில் பாதியைத்தான் பங்கிட முடியும் என்றால், பதினாறு கோர் போட்டாலும் வேகம் 1.9 மடங்கைக்கூடத் தொடாது. 90 சதவீதம் பங்கிட முடிந்தால் 6.4 மடங்கு. அந்த நிலையிலும் கோர்களை எத்தனை கூட்டினாலும் பத்து மடங்கைத் தாண்டவே முடியாது.

பம்புக்குள் நீரோட்டத்தைக் கணக்கிடும் சி.எஃப்.டி. வேலையில் எல்லாக் கோர்களும் உழைக்கும். ஆனால் சாதாரண டெஸ்க்டாப் சிப்களில் மெமரிக்கு இரண்டே சேனல். கோர் கூடக்கூடத் தரவுக்காகக் காத்திருப்பதும் கூடும். சில மென்பொருள்களில் கோர் கணக்குக்கு ஏற்ப லைசென்ஸ் கட்டணமும் ஏறும். ஆக, மதிப்பு என்பது சிப்பின் உள்ளே தங்கியிருக்கும் குணம் அல்ல. சிப்பும் வேலையும் சேரும் இடத்தில்தான் அது பிறக்கிறது.

உரை அளவைதான் மூன்றிலும் சிக்கலானது. சித்தாந்தம் உரையை ஏற்பது, அதைச் சொன்னவன் மலமற்றவன் என்பதால். சந்தையில் அப்படி ஒருவரும் இல்லை. சிஸ்மார்க் என்ற அளவீட்டை வெளியிடும் பாப்கோ அமைப்பில் இன்டெலும் ஏஎம்டியும் உறுப்பினர்களாகவே இருந்தன. 2011இல் சிஸ்மார்க் 2012 உண்மையான பயன்பாட்டைக் காட்டவில்லை என்று சொல்லி ஏஎம்டி வெளியேறியது. அளக்கும் கோலையும், அளக்கப்படும் பொருளை விற்பவர்களே சேர்ந்து செய்கிற இடம் அது. அங்கிருந்து வரும் சொல்லைச் சாட்சியாகக் கேட்கலாம், ஆகமமாகக் கொள்ள முடியாது.

ஆன்ம விசாரணைக்கு வகுத்த கருவியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவருவதா என்று ஒரு சைவர் மனம் வருந்தலாம். அந்த வருத்தம் மதிக்கத் தக்கது. ஆனாலும் தன் மூன்று மாத லாபத்தை ஒரு சிப்பில் போடும் பட்டறைக்காரரிடம் ஐயமும் திரிபும் நீங்கக் காணச் சொல்வது அந்த நூலுக்கு இழுக்காகாது. அவர் செய்ய வேண்டியதும் எளிதுதான்: தன்னுடைய மிகக் கனமான அசெம்பிளி கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப்போய், கடையிலேயே இரண்டு கணினிகளிலும் திறந்து பார்ப்பது.

அந்தக் காண்டலுக்கும் காலம் ஓர் எல்லை வகுக்கிறது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் வாங்கிய அன்று எல்லாச் சோதனையிலும் பாய்ந்தன. அவற்றில் பல, மிகை வோல்டேஜ் காரணமாக மாதங்கள் கழித்துத் தடுமாறத் தொடங்கின. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடைத் திருத்தி, வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அதற்குள் தேய்ந்துவிட்ட சிப்களை அந்தத் திருத்தம் மீட்கவில்லை. மாற்றித்தான் வாங்க வேண்டியிருந்தது.