வெளிச்சமும் அடுப்பும்

செயற்கைக்கோள் எடுக்கும் இரவு வெளிச்சப் படத்தை வைத்து வறுமையை வரைகிறார்கள். எங்க காஞ்சிபுரத்தில் கோபுர விளக்கு தெரியும். சேரி முனையில் நட்ட விளக்குக் கம்பமும் தெரியும். உள்ளே அடுப்பு எரிஞ்சுதா என்பது தெரியாது.

கணக்கே வேண்டாம்னு நான் சொல்லல. எண்ணப்படாதவனுக்கு ரேஷன் அரிசியும் இல்லை.

ஆனால் 1891லேயே செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் வறுமையை அறிக்கையாக எழுதினார். காஞ்சிபுரமும் அப்போது அந்த மாவட்டம்தான். 1892ல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலம் பிறகு கைமாறிப் போனது. காரணையில் அதைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில், 1994ல், ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அங்கே குறைவாக இருந்தது தகவலா?

பசியைத் தெரிந்துகொண்டவன் கடன்பட்டவன். பசி எங்கே என்று காட்டுகிற வரைபடம், நிலம் யார் கையில் என்றும் காட்டட்டும்.