யாருடைய வேதனை முடிகிறது?

1928-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி ஊனப்பட்டுக் கிடந்தது. புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. செய்ய முடிந்த வைத்தியமெல்லாம் செய்தாயிற்று. பார்க்க வந்த மருத்துவரும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்துவிட்டார். காந்தி விஷயத்தை ஆசிரமவாசிகளின் முன் வைத்தார். உயிரைப் படைக்க முடியாதவனுக்கு உயிரை எடுக்க மட்டும் என்ன உரிமை என்று அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். காந்தி கேட்டுக்கொண்டார்; ஏற்கவில்லை. ஒரு டாக்டரை வரவழைத்து, தம் கண்ணெதிரிலேயே ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

சர்ச்சை மட்டும் முடியவில்லை. குஜராத்தில், கிழடு தட்டிய மாடுகளையும் முடமான விலங்குகளையும் பிஞ்சராபோல்களில் வைத்து, தானாக உயிர் பிரியும்வரை தீனி போட்டுக் காப்பது தலைமுறை தலைமுறையாக வந்த தர்மம். சென்னை அயனாவரத்தில் உள்ள பிஞ்சராபோலும் அந்த மரபில் வந்ததுதான். அந்த மரபில் ஊறியவர்களுக்குக் காந்தி செய்தது மகாபாவம். வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் எதையும் மறைக்கவில்லை. அக்டோபர் 1928 ‘யங் இந்தியா’ இதழில் நடந்ததை நடந்தபடி எழுதினார். பிறகு வந்த கேள்விகளுக்கும் பதில் சொன்னார். சுயநலத்துக்காகவோ கோபத்திலோ உயிரை எடுப்பது இம்சை. துடிக்கும் உயிரின் நன்மை ஒன்றையே கருதி, வேறு வழி இல்லாதபோது அதன் வேதனையை முடிப்பது அகிம்சைக்கு உட்பட்டது என்பது அவர் நிலை. அதற்கு நான்கு நிபந்தனைகளும் வைத்தார். நோய் தீராததாக இருக்க வேண்டும். பிழைக்கும் என்ற நம்பிக்கையை எல்லோரும் இழந்திருக்க வேண்டும். எந்த உதவியாலும் பணிவிடையாலும் பயன் இல்லை என்றாகியிருக்க வேண்டும். நோயுற்ற உயிரால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாதிருக்க வேண்டும்.

இன்று அதே கேள்வி பூனை வளர்க்கும் வீடுகளில் எழுகிறது. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்து, பதினெட்டு ஆண்டுகள்கூட வாழ்கிறது. கூடவே முதுமையின் நோய்களும் வருகின்றன. வயதான பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் நோய்களில் ஒன்று நாள்பட்ட சிறுநீரக நோய். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பத்தில் ஒன்பதுக்கு மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் தெரிந்தன. இத்தனை பூனைகளுக்கு வலி இருக்கக்கூடும் என்பது வீட்டாருக்குத் தெரிவதே இல்லை. பூனை வலியைக் கத்திச் சொல்லாது. அலமாரி மேல் தாவுவதை நிறுத்திவிடும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். ‘வயசாயிடுச்சு, அதான் சும்மா படுத்திருக்கு’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

இந்த மௌனத்தைப் படிக்க இப்போது ஓரளவு வழி பிறந்திருக்கிறது. மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பூனையின் முகத்தைக் கொண்டே வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். காதுகள் பக்கவாட்டில் திரும்புகின்றனவா, கண்கள் இடுங்குகின்றனவா, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகுகிறதா, மீசை முடிகள் விறைக்கின்றனவா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டுவரை மதிப்பெண் தர வேண்டும். மொத்தம் பத்துக்கு நான்கைத் தொட்டால் வலிக்கு மருந்து தேவை. கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்த வேறோர் அளவுகோல் ஏழு கேள்விகளைக் கேட்கிறது: வலி அடங்கியிருக்கிறதா, சாப்பிடுகிறதா, உடம்பில் நீர் இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, எதிலாவது மகிழ்கிறதா, நடமாடுகிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா? காந்தியின் நிபந்தனைகள் நிறைவேறிவிட்டனவா என்று தடுமாறும் ஒருவர் கையில் இந்த இரண்டும் உருப்படியான கருவிகள்.

முடிவெடுத்தபின் எங்கே என்பது அடுத்த கேள்வி. பூனைக்கு அது சின்ன விஷயமல்ல. தன் வாசனை படிந்த இடத்தில்தான் அதற்கு நிம்மதி. கூடையில் அடைபட்டு, ஆட்டோவில் குலுங்கி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருந்து, ஸ்டீல் மேஜை மேல் நடுங்கும் பயணம் அதன் கடைசிப் பயணமாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே வீட்டுக்கு வரும் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் டாக்டர் டேனி மெக்விட்டி ஃபுளோரிடாவில் தொடங்கிய ‘லேப் ஆஃப் லவ்’ அமைப்பு இன்று அந்த நாட்டின் பல மாநிலங்களில் இயங்குகிறது. பூனைகளின் அந்திமப் பராமரிப்புக்கென்றே விரிவான வழிகாட்டு நெறிகள் 2023-இல் அங்கே வெளியாயின.

வருகிற மருத்துவர் அவசரப்படுவதில்லை. பூனையைத் தேடிப் பிடித்து இழுக்காமல், அது படுத்திருக்கும் ஜன்னலோரத்திலோ போர்வையிலோ மடியிலோ வைத்தே முதல் ஊசியைப் போடுகிறார். தோலுக்கடியிலோ தசையிலோ போடப்படும் மயக்க மருந்து அது. வலி நிவாரணியும் சேர்ந்திருக்கும். சில நிமிடங்களில் பூனை ஆழ்ந்து அயர்ந்துவிடும். கண்கள் மட்டும் மூடாமலே இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் குடும்பத்தார் பதற மாட்டார்கள். பூனைக்கு எதுவும் உறைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இரண்டாவது ஊசி. பெரும்பாலும் பென்டோபார்பிட்டால் என்னும் மருந்து, மிக அதிக அளவில், பின்னங்கால் ரத்தநாளத்திலோ வேறு பொருத்தமான இடத்திலோ செலுத்தப்படுகிறது. முதலில் மூளை அணைகிறது, பிறகு சுவாசம், பிறகு இதயம். ஓரிரு முறை பெருமூச்சு போல வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் கழியலாம். இவை உணர்வுள்ள உயிரின் அவதி அல்ல. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, முடிந்துவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். அந்த மருந்து உடலிலேயே தங்கிவிடும். தின்னும் கழுகுக்கும் நாய்க்கும் அது விஷம். ஆகவே தகனம் செய்ய வேண்டும், இல்லையேல் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

முறை இவ்வளவு மென்மையானது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. சமயங்கள் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு நேராகவே பதில் வேண்டும்.

அந்த உயிர் தன் வினையை அனுபவித்துத் தீர்க்கிறது, நடுவில் வெட்டினால் மிச்சம் அடுத்த பிறவிக்குப் போகும் என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வாதம். இதை முழுதாக ஏற்றால் காயத்துக்கு மருந்து போடுவதும் வினைக்குக் குறுக்கே நிற்பதுதான். வலி நிவாரணி கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர், வினையை இயற்றுபவரின் கையில் விட்டுவிட்டுக் கருணையைத் தம் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை மனிதருக்குக் கருணைக்கொலை கூடாதென்கிறது. விலங்குகளிடம் பரிவு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம், தேவையின்றி அவற்றை வதைக்கவோ கொல்லவோ கூடாது என்றும் போதிக்கிறது. மனித உயிரின் தனி மதிப்பே இந்த வேறுபாட்டின் அடிப்படை. காந்தி அந்தக் கோட்டையும் அழித்தவர். கன்றுக்குச் செய்தது சரியென்றால், பேச்சிழந்து மீள வழியின்றித் துடிக்கும் தன் பிள்ளைக்கும் அதுவே சரி என்று எழுதினார். இஸ்லாத்தில், பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்கு நரகம் என்று எச்சரிக்கும் நபிமொழி உண்டு. பூனையின் வேதனைக்கு மனிதர் இறைவனிடம் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அதில் தெளிவு.

ஆழமான ஆட்சேபம் தேரவாத பௌத்தத்திலிருந்து வருகிறது. நோயுற்ற துறவி ஒருவரிடம் இரக்கப்பட்டு, சாவே மேல் என்று புகழ்ந்து பேசிய பிக்குகளைச் சங்கத்திலிருந்தே நீக்கிய கதை விநய பிடகத்தில் இருக்கிறது. உயிரைப் போக்கும் அந்தக் கணத்தில் மனத்தில் கருணை இருக்கவே முடியாது, ஒரு வெறுப்பு இருந்தே தீரும் என்கிறது, மனத்தின் இயல்பை ஆராயும் பௌத்த நூல் தொகுதியான அபிதர்மம். ரூபர்ட் கெத்தின் என்ற பௌத்த அறிஞர் 2004-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். எதன்மேல் வெறுப்பு? பூனையின்மேல் அல்ல. கண்ணெதிரே நடக்கும் துன்பத்தின்மேல். அதைக் கண்டு தன் மனம் படும் பாட்டின்மேல். ‘பார்க்கச் சகிக்கலை டாக்டர், முடிச்சுடுங்க’ என்று சொல்கிறவர் முடிக்கச் சொல்வது யாருடைய வேதனையை?

காந்தியின் சுயநலம் பற்றிய எச்சரிக்கையும் அபிதர்மத்தின் கேள்வியும் சந்திக்கும் இடம் இதுதான். ஒன்று அனுமதிக்கிறது, மற்றொன்று மறுக்கிறது. ஆனால் இரண்டும் கையை அல்ல, மனத்தைத்தான் சோதிக்கின்றன. வீட்டிலேயே விடைகொடுப்பதன் மதிப்பு இங்கே கூடுகிறது. கூடையைக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருப்பவருக்குத் தன் மனத்தைப் பார்க்கும் அவசியம் வருவதில்லை. பூனையை மடியில் வைத்திருப்பவரால் அதிலிருந்து தப்ப முடியாது.

ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு பாதை உண்டு. அதன் அழகான சான்று திருவண்ணாமலையில் இருக்கிறது. ரமணாசிரமத்துப் பசு லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தாள். அன்று காலை அவளுக்கு முடிவு நெருங்கியபோது ரமணர் தொழுவத்துக்குப் போய் அருகில் அமர்ந்தார். அவள் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். தலையிலும் மார்பிலும் கை வைத்தார். கன்னத்தோடு கன்னம் வைத்துத் தடவிக்கொடுத்தார். முற்பகல் பதினொன்றரை மணிக்கு அவள் உயிர் பிரிந்தது. அவளுடைய சமாதி அங்கே இருக்கிறது.

இதை முன்னுதாரணமாகக் கொள்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயற்கையாகப் போகட்டும் என்று விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவது ரமணர் செய்தது அல்ல. சிறுநீரகம் கெட்ட பூனையை இயற்கை மரணம்வரை கொண்டுபோக, தோலுக்கடியில் சலைன் ஏற்ற வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடப்படும் பியூப்ரெனார்ஃபின் போன்ற வலி மருந்துக்கு மருத்துவரோடு தொடர்ந்து தொடர்பில் இருக்க வேண்டும். மலஜலத் தட்டை அருகே நகர்த்தி, படுக்கையை மாற்றி, இரவில் எழுந்து பார்க்க வேண்டும். கையில் கிடைத்த பாரசிட்டமாலை மட்டும் கொடுக்கவே கூடாது. அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது, ஒரு மாத்திரையே உயிரை வதைத்து எடுத்துவிடும். கொல்லாமை விரதம் பூண்டவருக்குப் பணிவிடை குறைவதில்லை, கூடுகிறது. அந்தப் பணிவிடை இல்லாத கொல்லாமையைத்தான் காந்தி அன்று கண்டித்தார்: கொல்லவில்லை என்ற திருப்தியோடு, அணு அணுவாக வதைபடும் விலங்குகளைக் கண்டும் காணாமல் போகிறோம் என்று.

கொல்லாமலிருப்பதே வதையாகலாம் என்பதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. கலாக்ஷேத்ரா கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் 13-ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று ஆகும் நிலை உண்டென்று ஒப்புக்கொள்கிறது. விலங்குகளுக்காகவே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த ஒருவரின் முயற்சியிலிருந்து வந்த சட்டம் இது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஓர் எல்லையும் இருக்கிறது. கன்றைப் பற்றி எழுதிய அதே கட்டுரையில் காந்தி, ஆசிரமத்துப் பயிரை அழித்த குரங்குகளைப் பற்றியும் எழுதினார். அவற்றைக் கொன்றால் அது இம்சையே என்றார்; ஏனென்றால் அதில் லாபம் குரங்குக்கு அல்ல, விவசாயிக்கு. வீடு மாறுகிறோம், சோபாவில் சிறுநீர் கழிக்கிறது, குழந்தை பிறக்கப்போகிறது என்ற காரணங்களுக்காக நல்ல உடம்போடு இருக்கும் பூனைக்கு ஊசி கேட்பது குரங்கின் கணக்கில்தான் சேரும். மறுத்துவிடும் கால்நடை மருத்துவர்கள் சரியாகவே செய்கிறார்கள்.

கன்றுக்கும் குரங்குக்கும் நடுவே நிற்கும் வீடுகள்தான் அதிகம். பூனைக்கு நிஜமாகவே முடியவில்லை, பார்த்துக்கொள்பவருக்கும் முடியவில்லை. நோயுற்ற செல்லப் பிராணியைப் பராமரிப்பவர்களின் மனச்சுமையை அமெரிக்க உளவியலாளர் மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகலும் சக ஆய்வாளர்களும் 2017-இல் அளந்து காட்டினார்கள்: அழுத்தம், சோர்வு, மனக்கலக்கம் எல்லாம் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. அந்தச் சோர்வை ஒளித்துவைத்துக்கொண்டு, பூனைக்காக என்று சொல்வதில்தான் மனம் ஏமாறுகிறது. அதற்காகச் சோர்ந்தவரைக் குற்றவாளியாக்குவதும் நியாயமில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. வில்லலோபோஸின் ஏழு கேள்விகளுக்கான மதிப்பெண் அட்டையை வீட்டில் இருவர் தனித்தனியே, ஒருவருடையதை மற்றவர் பார்க்காமல், தினமும் நிரப்பலாம். வலி மருந்தின் அளவை மறுபடி சரிபார்க்கும்படி மருத்துவரைக் கேட்கலாம். இரவு முழுக்க விழித்தவரை அனுப்பித் தூங்கச் சொல்லி, இரண்டு மூன்று நாள் வேறொருவர் பொறுப்பேற்கலாம். செலவுதான் நெருக்குகிறது என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். தூங்கி எழுந்தவர், பண நெருக்கடியைப் பேசி முடித்தவர், அதன் பிறகும் அட்டையில் எண்கள் இறங்கிக்கொண்டே போவதைக் கண்டால், மருத்துவரை வீட்டுக்கு அழைக்கும் முடிவில் அவருடைய களைப்புக்குப் பங்கு குறைவு. பூனையின் வலிக்கே பங்கு அதிகம்.