இயந்திரத்துக்கு முன்பே பறிபோனது

தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் ஆவணப்படம் எதுவானாலும், அதில் கேமரா எங்கே நிற்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஆலைக்குள்ளா, வாசலிலா? உள்ளே விட்டவர் யார்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரை ஒட்டிய மொரேனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பர் 23 அன்று மூடப்பட்டது. அதே வட்டாரத்தில் வாழ்ந்த ஜூலியா ரைகெர்ட், ஸ்டீவன் பாக்னர் இருவரும் அதை ‘தி லாஸ்ட் டிரக்’ என்ற குறும்படமாக்கினார்கள். உள்ளே படமெடுக்க நிர்வாகம் அனுமதிக்கவில்லை. தொழிலாளர்களே சிறு கேமராக்களை மறைத்து எடுத்துச்சென்று பதிவுசெய்து தந்தார்கள். ஆகவே அந்தப் படத்தில் முதலாளி தரப்பின் குரல் இல்லை. வேலையிழந்தவர்களின் துயரம் மட்டுமே நிறைந்திருக்கிறது.

அதே கட்டடத்தைச் சீனாவின் ஃபூயாவ் கண்ணாடி நிறுவனம் வாங்கியது. இம்முறை நிறுவனத் தலைவர் ட்சாவ் தேவாங் கதவைத் திறந்துவிட்டார். அப்படி உருவானதே ‘அமெரிக்கன் ஃபேக்டரி’ (2019). 2020இல் ஆஸ்கர் பெற்ற படம்.

வாசல் திறந்ததும் சுரண்டலின் உருவமே மாறிவிடுகிறது. முன்பு மணிக்கு 29 டாலருக்கு மேல் வாங்கிய பெண் இப்போது 12.84 டாலருக்கு வேலை பார்க்கிறார். கிடைத்த வேலைக்கு நன்றி, போன வாழ்க்கைக்கு ஏக்கம் இரண்டும் அவர் பேச்சில் கலந்து வருகின்றன. சீனாவின் ஃபூச்சிங் நகரிலுள்ள தாய் ஆலையைப் பார்க்கப் போன ஒஹாயோக்காரர்கள் திகைத்துப்போகிறார்கள். அங்கே பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். மாதத்தில் ஓரிரு நாள் மட்டுமே விடுப்பு. ஒஹாயோவுக்கு அனுப்பப்பட்ட சீனத் தொழிலாளர்களோ மனைவி மக்களைப் பிரிந்து, கூடுதல் சம்பளமும் இல்லாமல் உழைக்கிறார்கள். தலைவரும்கூட தன் ஏழ்மையான இளமைக்காலத்தை நினைத்து, தான் செய்தது நன்மையா பாவமா என்று ஐயப்படுகிறார். ஒருவரை வில்லனாக்கிவிட்டு நாம் நிம்மதியடைய படம் இடம்கொடுப்பதில்லை. கெடுமனம் கொண்ட ஆள் யாரும் இல்லாமலே சுரண்டல் நடக்கும் என்பதைப் பொறுமையாகக் காட்டுகிறது.

அடுத்தது தொழிற்சங்கம். விபத்துகளும் கெடுபிடியும் பெருக, தொழிலாளர்கள் சங்கம் கேட்கிறார்கள். அதைத் தடுக்க நிர்வாகம் பெரும்பணம் கொடுத்து ஆலோசகர்களை அமர்த்துகிறது. கட்டாயக் கூட்டங்கள் நடக்கின்றன. கூலியும் கொஞ்சம் உயர்கிறது. 2017 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சங்கத்துக்கு ஆதரவாக 444, எதிராக 868. முன்னணியில் நின்ற சிலர் பிறகு வேலையில் நீடிக்கவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகே ரோபோ வருகிறது. ஆலையைச் சுற்றிவரும் தலைவரிடம், இந்த இடத்தில் இன்னும் சில ஆட்களைக் குறைக்கப்போகிறோம் என்று அதிகாரி விளக்குகிறார். கேமரா அருகிலேயே இருந்தும் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

இந்த வரிசையில்தான் படத்தின் வாதம் அடங்கியிருக்கிறது. எதிர்கால வேலை பற்றிய பேச்சில் இயந்திரத்தையே நாம் முதலில் நிறுத்துகிறோம். இங்கே அது கடைசியாக வருகிறது. முதலில் கூலி இறங்கியது, பிறகு கூட்டாகப் பேரம்பேசும் வாய்ப்பு போனது. இயந்திரம் வந்தபோது ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்று கேட்க அமைப்பாக யாரும் மிஞ்சவில்லை. எத்தனை வேலைகளை ரோபோ விழுங்கும் என்று கணக்கிடுவோர், அந்த முடிவு எடுக்கப்படும் அறையில் தொழிலாளிக்கு இடம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.