வீடு முடியும்வரை: இடைக்கால வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்காவின் நாட்டுப்புறங்களிலே காணி வாங்கி வீடு கட்ட முற்படுவோருட் சிலர், அவ்வீடு முடியும்வரை அக்காணியிலேயே ஓர் ஊர்தியினுள் வாழ்கின்றனர். ஆர்.வி. என்று சுருக்கப் பெயரால் அவர்கள் வழங்கும் அவ்வூர்தி விடுமுறைப் பயணங்களுக்கென ஆக்கப்பட்டது. நாம் கரவன் என அறிந்திருப்பதன் வளர்ந்த வடிவம் எனலாம். படுக்கை, அடுப்பு, குளியலறை, மலகூடம் யாவும், வீதியிற் செல்லுங்கால் எட்டரை அடி அகலத்துக்கு மேற்படாத ஒரு பெட்டியினுள் அடங்கியிருக்கும். வாடகையையும் கட்டடச் செலவையும் ஒருங்கே இறுத்தல் நடுத்தர வருவாயினர் பலருக்கு இயலாது. அன்றியும், தம் கையாலேயே கட்டுவோர் மாலைப் பொழுதுகளையும் வார இறுதிகளையும் வீணாக்காது வேலை செய்வதற்குக் காணியிலேயே இருத்தல் வசதியாகின்றது. ஓராண்டு என்று எண்ணித் தொடங்கியது ஈராண்டாகவும் மூவாண்டாகவும் நீளுதல் அரிதன்று.

இவ்வாழ்க்கை எளிதானதுமன்று. முதலில் நடைபெறுவது கிணறு துளைத்தலும் மலக்குழி அமைத்தலும் அத்திவாரம் இடுதலுமே. எனவே கையிருப்பில் ஒரு பகுதி மண்ணுக்குள் மறைந்தபின்னரும் கண்ணுக்கு வீடென்று சொல்ல எதுவும் இராது. குளிர் மிகுந்த மாநிலங்களில் மாரி வந்ததும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கின்றன. மெல்லிய சுவர்களின் உட்புறத்தே மூச்சின் ஈரம் நீராய்ப் படிந்து பூஞ்சணம் பிடிக்கின்றது. சமையலுக்கும் சூட்டுக்குமான வாயு உருளைகள் எதிர்பார்த்ததினும் விரைவில் ஒழிகின்றன. வெளியே, பனி மூடிய அத்திவாரத்தின் மீது வளைகள் இன்னும் ஏறாத சுவர்ச்சட்டங்கள் நிற்கின்றன. உள்ளே, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒருவர் எழுந்தால் மற்றவர் ஒதுங்கவேண்டிய இடத்தில் இருந்துகொண்டு அதனையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இவ்விடயத்தில் என் கவனத்தை ஈர்த்தது அந்நாட்டுச் சட்டத்தின் போக்கு. கவுண்டி எனப்படும் உள்ளூராட்சிப் பிரிவுகள் பலவற்றின் விதிகள், ஒருவர் தம் சொந்தக் காணியிலேனும் இத்தகைய ஊர்தியினுள் நிலையாக வாழ்வதற்கு இடந்தருவதில்லை. ஆயினும் வீடு கட்டுவதற்கான அனுமதிப்பத்திரம் நடைமுறையில் உள்ள காலத்துக்கு அவற்றுட் பல விலக்களிக்கின்றன. பத்திரம் காலாவதியாயின் விலக்கும் போய்விடும். அதே மனிதர், அதே காணி, அதே படுக்கை. நேற்றுச் சட்டத்துக்கு உடன்பாடாயிருந்த உறக்கம் இன்று சட்டத்துக்கு முரணாகின்றது. இன்றைய வாழ்வுக்கு நாளைய வீடு பிணை நிற்கின்றது என்பதே இதன் பொருள். தன்னளவிலே அவ்வாழ்வுக்குத் தகுதி இல்லை. அது எதை நோக்கிச் செல்கின்றதோ அதனிடமிருந்து தகுதியைக் கடன் வாங்குகின்றது.

இக்கருத்து சட்டத்துக்கு மாத்திரம் உரியதாயின் இக்கட்டுரைக்குத் தேவை இல்லை. நாம் எல்லோரும் இவ்வாறுதான் எண்ணுகின்றோம். பட்டம் முடியட்டும், தொழில் கிடைக்கட்டும், தங்கைக்குக் கலியாணம் ஆகட்டும் என்கின்றோம். இடைப்பட்ட காலம் வாழ்வா, அன்றி வாழ்வுக்கான ஆயத்தமா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவுக்கு மிகப் பழைய விடையொன்றை அரிஸ்ரோட்டிலிடம் காணலாம். வியப்பிற்குரியது, அவர் கையாளும் எடுத்துக்காட்டும் வீடு கட்டுதலே. பௌதிக அதீதம் என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியில் மனிதச் செயல்களை அவர் இருவகையாகப் பிரிக்கின்றார். ஒருவகை, தனக்குப் புறத்தே ஒரு முடிவை உடையது; அம்முடிவை எய்தும்வரை அது குறையானது; எய்தியதும் ஓய்ந்துவிடும். இதனை அவர் கினேசிஸ், அதாவது இயக்கம் என்பர். மற்றையது தன் முடிவைத் தன்னுள்ளேயே கொண்டது, இது எனேர்கேயா. பார்ப்பவன் பார்க்கும் அக்கணமே பார்த்தவனுமாகின்றான். நன்கு வாழ்பவன் அக்கணமே நன்கு வாழ்ந்தவனுமாகின்றான். ஆனால் வீடு கட்டுபவன், கட்டிக்கொண்டிருக்கும்வரை கட்டியவன் ஆகான்; கட்டியவன் ஆனபின் கட்டுபவன் அல்லன். நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் பத்தாம் பகுதியிலும் கோயில் கட்டுதலை எடுத்துக்கொண்டு, கல்லடுக்குதலும் தூணுக்கு வரி செதுக்குதலும் தம்மளவில் முற்றுப்பெறாதவை, முழுக் கோயிலையும் நோக்கியே அவற்றுக்கு நிறைவு உண்டு என்று விளக்குவர்.

ஊர்தியில் வாழ்ந்துகொண்டு வீடு கட்டுபவரை இவ்வொளியில் நோக்குமிடத்து, அவர் ஒரே காணியில் ஒரே நேரத்தில் இவ்விருவகைச் செயல்களையும் புரிகின்றார் என்பது தெளிவாகும். கட்டுதல் முடியவில்லை, அது முடியாதிருத்தல் அதன் இயல்பு. வாழ்தலோ ஒவ்வொரு நாளும் முடிந்துகொண்டிருக்கின்றது. தவறு எங்கே நேர்கின்றதெனில், ஒன்றன் இலக்கணத்தை மற்றதன்மேல் ஏற்றும்போது நேர்கின்றது. சுவர் அரைகுறையாய் நிற்பதனால் அன்றைய இரவுணவும் அரைகுறையானது என்று கருதத் தலைப்படுகின்றோம். சீமெந்துக் கல்லை நாளைக்கும் அடுக்கலாம்; அது காத்திருக்கும். எட்டு வயதுப் பிள்ளையின் எட்டாம் வயது அவ்வாறு காத்திருக்குமா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பைக் கேட்டேயாகவேண்டும். ஒத்திவைத்தல் அறிவின்மை அன்று. விதைநெல்லை உண்ணாது வைப்பவன் நாளைய பசியை இன்றே உணர்பவன். ஒத்திவைக்கத் தெரியாதவன் வீடும் கட்டான், கல்வியும் பெறான். இதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் நெல்லை ஒத்திவைத்தால் நெல் அப்படியே இருக்கும். ஒத்திவைக்கப்படும் பொருள்கள் யாவும் நெல்லைப் போன்றனவா என்பதுதான் ஐயம்.

அமெரிக்காவிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஹென்றி டேவிட் தோரோ 1845ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட்டில், வால்டன் குளக்கரையிலே பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமுமான ஒரு குடிலைக் கட்டினார். ஒரு புகையிரதப் பாதைத் தொழிலாளியின் பழைய குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்த பலகைகள் அதற்குப் பயன்பட்டன. மொத்தச் செலவு 28 டொலர் 12½ சதம் என்று அரைச் சதத்தையும் விடாது கணக்கெழுதியிருக்கின்றார். (நம்மவர் வீட்டுக் கணக்கில் இந்த நேர்மையைக் காண்பது அரிது.) அவர் ஜூலை 4ஆம் திகதி குடிபுகுந்தபோது அக்குடில் முடிந்திருக்கவில்லை. பலகை அடித்துக் கூரை போட்டிருந்ததேயன்றிப் புகைபோக்கியும் இல்லை, சுவர்ப்பூச்சும் இல்லை. இலையுதிர் காலம் வரை வெளியே நிலத்தில் தீ மூட்டிச் சமைத்தார். அக்காலத்தை அவர் குறையாகக் கணிக்கவில்லை. அவ்வாறு சமைத்தல் சில வகையில் மேலானதென்றே கருதினார். முடியாத வீட்டில் முழுதாய் வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் அவர் தனியர். காணி நண்பர் எமேர்சனுடையது. தாய்வீடு நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. குளிருக்கு அஞ்சும் குழந்தையோ, அயலவர் என்ன சொல்வர் என்று அஞ்சும் குமரோ அக்குடிலில் இல்லை. எனவே தோரோவைக் காட்டி எவரையும் கண்டிக்க எனக்குத் துணிவில்லை.

ஜேர்மானியத் தத்துவஞானி ஹைடெகர் 1951ஆம் ஆண்டு டார்ம்ஸ்ராட் நகரில் ஆற்றிய உரையொன்றில் இவ்வினாவை வேறு திசையிலிருந்து அணுகுகின்றார். கட்டுதலைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லின் பழைய வடிவம் தங்குதலை, குடியிருத்தலைக் குறித்ததென்று காட்டி, கட்டியதனால் நாம் குடியிருக்கவில்லை, குடியிருப்பவர் ஆதலினாலேயே கட்டுகின்றோம் என்று வழக்கமான வரிசையைத் தலைகீழாக்குகின்றார். இக்கருத்து ஆழமானது. ஆனால் உண்மையான வீட்டு நெருக்கடி வீடுகள் போதாமையில் இல்லை, குடியிருக்கக் கற்கவேண்டியிருப்பதிலேயே உள்ளது என்று அவர் மேலும் செல்லும்போது, போரில் இடிந்த நகரங்களில் வீடின்றி நின்ற ஜேர்மானியர் அதனை எவ்வாறு கேட்டிருப்பர் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. அவருக்கோ மலைச்சரிவில் 1922 முதல் ஒரு குடிலும் இருந்தது. கூரை உள்ளவர் கூரை முக்கியமன்று என்று கூறுவதில் ஒரு சங்கடம் உண்டு.

நம் மொழியும் இவ்விடத்தில் நம்மைச் சற்றுக் குழப்புகின்றது. வீடு என்னும் சொல் விடு என்னும் அடியிலிருந்து பிறந்தது; இல்லத்தையும் குறிக்கும், பிறவி ஒழிந்த பேற்றையும் குறிக்கும். இல்லம் கட்டி முடிவதையே ஒரு விடுதலையாகக் கருதுவோர்க்கு அகராதியும் துணை நிற்கின்றது போலும்!

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தியைக் கூறலாம். என் எட்டாம் வயது முதற் பன்னிரண்டாம் வயது வரை நாங்கள் வன்னியில் ஒரு கொட்டிலில் வாழ்ந்தோம். 2010ஆம் ஆண்டு மீளக் குடியேறியபோது கிடைத்த பன்னிரண்டு தகரமும் ஒரு தறப்பாளும் அதன் கூரையும் சுவருமாயின. ஈராண்டின் பின் வீட்டுத் திட்டமொன்றில் எங்கள் பெயரும் வந்தது. பணம் பகுதி பகுதியாகவே தரப்படும். அத்திவாரம் முடிந்தாற்றான் அடுத்த பகுதி. மணல் விலை ஏறும்போதும் மேசன் வேறிடத்துக்குப் போகும்போதும் சுவர் அப்படியே நின்றது. கொட்டிலின் வாயிலில் இருந்து பார்த்தால் இருபதடி தூரத்தில் கூரையற்ற எங்கள் வீடு தெரியும். மழை பெய்தால் அதன் அறைகளில் தண்ணீர் நிற்கும். நாங்கள் அதில் கடதாசிக் கப்பல் விட்டோம்.

அமெரிக்கர் தாமே தேர்ந்துகொண்ட நிலைக்கும் எமக்கு நேர்ந்த நிலைக்கும் உள்ள வேறுபாட்டை நான் மறக்கவில்லை. முன்பிருந்த வீட்டை நாங்கள் விற்றுவிட்டு வரவில்லை. அது இடிந்து கிடந்தது. தேர்வு இருக்குமிடத்தில் இடுக்கணுக்கும் ஒரு பொருள் வந்துவிடுகின்றது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: தேர்ந்துகொள்பவர்கள் பெற்றோர். ஊர்தியின் மேற்படுக்கையில் உறங்கும் பிள்ளையை எவரும் கேட்பதில்லை. அவ்வகையில் அப்பிள்ளையும் நானும் ஒரே வகுப்பினர்.

கொட்டிலைப் பற்றி எங்கள் வீட்டில் இரு தத்துவங்கள் நிலவின. அம்மா நிலத்தைச் சாணியால் மெழுகினார். பின்புறத்தில் கத்தரியும் முருங்கையும் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் வாயிலில் கோலமும் இட்டார். அப்பாவுக்கு இவை பிடிப்பதில்லை. கொட்டிலுக்கு இவ்வளவு எதற்கு என்பார். ஒரு தட்டு அடிப்பதற்கும் ஆணி செலவிட மாட்டார். ஆணி வீட்டுக்கு வேண்டும். நாங்கள் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே விடை இருந்தது: வீடு முடியட்டும். சைக்கிளும் வீடு முடிந்தபின். கொழும்பிலிருந்து சித்தப்பா குடும்பத்தை அழைப்பதும் வீடு முடிந்தபின். 2012ஆம் ஆண்டு அக்கா பெரியபிள்ளையானார். தகரத் தட்டிக்குப் பின்னால் ஒரு சேலையைக் கட்டி அவரை இருத்தினார்கள். சடங்கைக் குடிபுகுதலோடு சேர்த்துச் சிறப்பாகச் செய்யலாம் என்று அப்பா முடிவு செய்தார். சிநேகிதிகளை அழைக்கவில்லை.

2014இல் வீடு முடிந்தது. பால் காய்ச்சினோம். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. சடங்கு பற்றி அம்மா கதை எடுத்தபோது, இனி எதற்கு என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். அச்சடங்கு வேண்டுமா என்பது வேறு வாதம். அது ஒழிந்தால் நன்று என்று கருதுவோர் எம் விரிவுரை மண்டபங்களிற் பலர் உளர், நானும் அவர்களுள் ஒருவரே. ஆனால் அக்கா அதனைக் கொள்கைக்காக மறுக்கவில்லை. அதற்குரிய நாள் போய்விட்டது என்பதற்காகவே மறுத்தார்.

இதில் அப்பாவின் குற்றம் யாது? மனிதரை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளாதே என்னும் கான்றின் விதியைக் கொண்டு அவரை அளக்க முற்பட்டால், அவர் முதலிற் கருவியாக்கியது தம்மையே என்பதைக் காண்கின்றோம். பகலிற் கூலிவேலை, மாலையிற் கல் அரிதல். நான்காண்டு காலம் அவர் புதுச் சாரம் ஒன்று வாங்கியதாக நினைவில்லை. தன்னலத்துக்காகப் பிறர் காலத்தைத் திருடுபவனைக் கண்டிக்க நம் ஒழுக்கவியலில் நிறையச் சொற்கள் உண்டு. அன்பின் பொருட்டு, தம் காலத்தையும் எம் காலத்தையும் ஒருங்கே வருங்காலத்துக்கு ஈடுவைப்பவருக்கு அங்கே ஒரு சொல்லும் எனக்குக் கிடைக்கவில்லை.

கடந்த விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, இக்கட்டுரையின் கருத்தை அரிஸ்ரோட்டிலின் பெயரைக் கூறாது அப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்கச் சட்டம் பற்றிய பகுதி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அது சரியான சட்டந்தான் என்றார். பின்னர், "கொட்டில் வசதியா இருந்திருந்தா நான் காலமை எழும்பிக் கல்லரிஞ்சிருக்க மாட்டன், பிள்ளை. வீடு ஒருக்காலும் முடிஞ்சிருக்காது" என்றார். இதற்கு மறுமொழி கூற நான் முயன்றேன், வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வெறும் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கொட்டிற் பக்கமாகப் போனார். புது வீட்டுக் குசினிக்குள் புகை போவதில்லை என்று அம்மா இன்னமும் அங்கேதான் சமைக்கின்றார்.