உண்டாக்கினவன் பொறுப்பு



நான் சினிமாவுக்குப் போகிறவன் அல்ல. ஆனால் ஒரு நாள் சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில், 2010ல் ஷங்கர் எடுத்த ‘எந்திரன்’ படத்தைப் போட்டுவிட்டார்கள். கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தேன். காதை மூட முடியவில்லை. ராசிபுரம் தாண்டுவதற்குள் கண்ணும் திறந்துவிட்டது! மீதிக் கதையை வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் சொன்னார்கள்.

வசீகரன் என்ற விஞ்ஞானி, சிட்டி என்ற மனுஷ உருவ எந்திரத்தைச் செய்கிறான். ஒரு தீ விபத்தில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே வெளியே தூக்கி வருகிறது. உயிரைக் காப்பாற்றத் தெரிந்தது. மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை. வெட்கம் தாங்காமல் ஓடின அந்தப் பெண் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். பிறகு வசீகரன் அதற்கு உணர்ச்சியைக் கொடுக்கிறான். உணர்ச்சி வந்ததும், அவன் மணக்க இருந்த பெண்ணையே அது நேசிக்கிறது. இராணுவ அதிகாரிகள் முன்பாகத் தன்னைத் தலைகுனிய வைத்தது என்று கோபப்பட்டு, அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறான். குப்பைக்குப் போனது வேறொருவன் கையில் சிக்கி, கொலைகார எந்திரமாகத் திரும்பி வருகிறது.

கோழிக்குஞ்சு ஹேச்சரியில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டான்: “பாஸ்டர், அது மிஷின்தானே? வெட்டினா என்ன தப்பு?”

நான் சொன்னேன்: “ரிப்பேரான மிக்ஸியைத் தூக்கிப் போட்டா பாவமில்ல தம்பி. ஆனா ஆசைப்படுறதுக்கு அதுக்குக் கத்துக் கொடுத்தது யாரு? கொடுத்தவனே, ஆசைப்பட்டதுக்காக வெட்டலாமா?”

பிரியமானவர்களே, இது புதுக் கேள்வி அல்ல. 1818ல் மேரி ஷெல்லி என்ற ஆங்கிலேயப் பெண் எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையிலும், தான் உண்டாக்கின ஜீவன் கண் திறந்தவுடனே உண்டாக்கினவன் பயந்து ஓடிப்போகிறான். அதற்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை. அது கெட்டுப்போனது பிற்பாடுதான். கைவிடப்பட்டதோ முதல் நாளிலேயே!

நம்முடைய சிருஷ்டிகர் என்ன செய்தார்? ஆதியாகமம் 3ம் அதிகாரத்தை வாசியுங்கள். மனுஷன் தவறினபோது அவனைத் தேடி வந்தார். தண்டனை கொடுத்தார், அதே கையால் தோல் உடையும் உடுத்திவிட்டார். தீயிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு துணி போர்த்தச் சொல்லிக்கொடுக்க வசீகரன் மறந்துபோனானே, அந்த இடத்தில்தான் வித்தியாசம்.

எந்திரத்துக்கு வலி உண்டா என்று விஞ்ஞானிகள் விவாதிக்கட்டும். வலிக்கும்படி ஒன்றைச் செய்கிறவன், அந்த வலிக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நான் முடித்ததும் அந்தத் தம்பி தலைகுனிந்து மெதுவாகச் சொன்னான்: “பாஸ்டர், எங்க ஹேச்சரில முட்டைக்கோழிக் குஞ்சுல சேவலைப் பிரிச்சு, பொரிச்ச அன்னிக்கே கழிச்சுடுவாங்க. அது முட்டை போடாதே. நாமதானே மிஷின் வெச்சுப் பொரிக்க வெச்சோம்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை போடும். வருஷத்துக்கு 300 முட்டை போடுகிற கோழியை மனுஷன்தான் தெரிந்தெடுத்து உருவாக்கினான். எங்கள் சபையில் பாதிப் பேர் சாப்பிடுவது அந்தப் பண்ணைக் கூலியில்தான். என் வீட்டு அடுப்பிலும் அந்த முட்டைதான். “வேலையை விடு” என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. “தப்பே இல்லை” என்று சொல்லவும் மனசாட்சி விடவில்லை. நீதிமான் தன் மிருகஜீவனுக்காகவும் அக்கறைப்படுகிறவன் என்று நீதிமொழிகள் 12:10 போதிக்கிறதே! இருவரும் முழங்கால்படியிட்டோம்.

தேவ ஜனமே, எதையாவது உண்டாக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எனக்கு உபயோகப்படாத நாளில் இதை என்ன செய்வேன்?

கர்த்தர்தாமே நமக்கு உணர்வுள்ள இருதயத்தைத் தருவாராக. ஆமென்.