எடுக்கப்படாத முள்

ஐ.டி. வேலைக்கான நேர்முகத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "உங்க பலவீனம் என்ன?" பதிலையும் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். "எடுத்த வேலை கச்சிதமா வர்ற வரைக்கும் தூக்கம் வராது சார்." பலத்துக்குப் பலவீனம் என்று வேஷம் கட்டி அனுப்புகிற வித்தை இது. எனக்குத் திக்குவாய். அதற்கு எந்த வேஷமும் பொருந்தாது. 'ப' வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். பக், பில்ட், ப்ரொடக்‌ஷன் என்று என் தொழிலின் பாதிச் சொற்கள் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன.

பலவீனத்தில் பலம் என்று பேசும் கிறிஸ்தவர்கள் வழக்கமாகக் காட்டும் இடம், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரம். புத்தாண்டு இரவு ஆராதனையில் தரும் வாக்குத்தத்த அட்டையாக அந்த வசனம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வருடம் முழுக்க இருந்தது. அட்டையில் பதில் மட்டும்தான் அச்சாகும். அதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது அதில் இருக்காது. பவுலின் உடம்பில் ஒரு முள். அது என்ன என்று அவர் சொல்லவில்லை. கண் நோய், காய்ச்சல், வலிப்பு என்று ஆளாளுக்கு ஊகித்திருக்கிறார்கள். எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்கிறார். எடுக்கப்படவில்லை. கிருபை இருக்கிறது, அது போதுமாம்.

சின்ன வயதில் என்னையும் சுகமளிக்கும் கூட்டங்களுக்குக் கூட்டிப்போனார்கள். தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். திக்கல் போகவில்லை. அதனால்தானோ என்னவோ, அட்டையில் இல்லாத அந்தப் பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கொரிந்து, ரோமர்கள் கி.மு. 146இல் அழித்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றிய நகரம். அங்கே பேச்சுத் திறமைக்கு மவுசு. பவுலைப் பற்றி அங்கே ஒரு அபிப்பிராயம் இருந்தது: கடிதத்தில் ஆள் பயங்கரம், நேரில் பார்த்தால் சோப்ளாங்கி, பேச்சும் சுமார். இதை வாசிக்கும்போதெல்லாம் சிரித்துவிடுவேன். என் டீமிலும் நான் சாட்டில் புலி, மீட்டிங்கில் பூனை.

பவுல் பதிலுக்கு ஒரு ரெஸ்யூமே தருகிறார், தலைகீழாக. அடி, சிறை, கப்பல் சேதம், பசி. கடைசியில் தமஸ்கு மதில் வழியாகத் தன்னைக் கூடையில் வைத்து இறக்கிவிட்ட கதை. எதிரியின் மதிலில் முதலில் ஏறிய வீரனுக்கு ரோமப் படையில் பொற்கிரீடம் தருவார்கள். இவர் மதிலிலிருந்து இறங்கித் தப்பியதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்!

அதற்குப் பிறகுதான் முள் வருகிறது. தெய்வ வல்லமை தன்மேல் வந்து தங்குவதைச் சொல்ல அவர் எடுக்கும் கிரேக்க வினைச்சொல்லுக்குள் 'கூடாரம்' ஒளிந்திருக்கிறது. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து அவர் செய்த தொழிலே கூடாரம் செய்வதுதான். கூடாரம் போட்டால் தரை மாறாது. கல் கல்லாகவே கிடந்து முதுகில் உறுத்தும். ஆனாலும் அங்கே படுத்துத் தூங்கலாம். கிருபை என்பதை நான் புரிந்துகொள்வது இப்படித்தான். பலவீனத்தைப் பலமாக மாற்றச் சொல்லும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு அந்தக் கல் பிடிக்காது, எப்படியாவது வைரமாக்கிவிட வேண்டும். எனக்கு நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். 'பக்' என்று சொல்ல பயந்து 'இஷ்யூ' என்று மாற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். இப்போது முன்பைவிட அதிகமாகத் திக்குகிறேன். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

கிறிஸ்தவம் பலவீனத்தைக் கொண்டாடி மனிதனைக் கூனாக்குகிறது என்று நீட்ஷே திட்டினார். அதில் பாதி நியாயம் என்றுதான் தோன்றுகிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் ஒரு அக்காவிடம், இதே வசனத்தைச் சொல்லிப் பொறுத்துப்போகச் சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். பவுலுக்கு அந்தப் பதிலைச் சொன்னவர் அவருடைய கடவுள். பக்கத்து பெஞ்சுக்காரர் அல்ல. முள் குத்தியவர் தன் வாயால் சொன்னால் அது விசுவாசம். குத்தாதவர் அவரிடம் போய்ச் சொன்னால் அதற்கு வேறு பெயர். அதோடு, எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, விசாரிக்காமல் ஒரு ரோமக் குடிமகனை அடிக்கலாமா என்று சட்டம் பேசியவரும் இதே பவுல்தான். முள்ளைப் பொறுத்தவர் சவுக்கைப் பொறுக்கவில்லை.

அந்த அக்காவுக்கு நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. ஒரு வக்கீலின் நம்பரைக் கொடுத்தேன். வாங்கி பைபிள் உறைக்குள் வைத்துக்கொண்டார்.